நீலம் வந்த வழி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. தெருவில் என்னைக் கலர்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது அறுபத்தெட்டு. மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் இறங்கும் குறுக்குச் சந்தில், பதினேழாம் எண் வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள். நான் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் எழுதப் படிக்கத் தெரியும். வேலை பார்த்த மிட்டாய்க் கம்பெனியில், மிட்டாய் சுற்றும் காகித உருளையில் ஒரே வரி ஆயிரம் தடவை அச்சாகி வரும். அதைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஆகையால் கைரேகை வைக்க மாட்டேன், கையெழுத்துத்தான் போடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்மேல் கொடுக்கப்பட்ட புகார், நேற்று செவ்வாய்க்கிழமை காலை எங்கள் சந்தில் வந்த குடிநீரில் நான் சாயப்பொடி கலந்தேன் என்பது. காவல் நிலைய எழுத்தர் ஐயா முதலில் "குடிநீரில் நீலச் சாயம் கலந்ததை ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதினார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணுதானே பெரியவரே, தண்ணி நீலமா வந்துச்சுல்ல?" என்றார். ஒன்றல்ல. நான் குடிநீரில் எதையும் கலக்கவில்லை. கக்கூஸில் ஊற்றினேன். கக்கூஸில் ஊற்றியது எப்படிக் குடத்துக்கு வந்தது என்பதை நான் விசாரிக்கச் சொல்கிறேன், என்னை விசாரிக்கிறார்கள். அந்த வரியை அடித்து இதை எழுதிய பிறகுதான் மேற்கொண்டு சொல்லச் சம்மதித்தேன்.

மிட்டாய்க் கம்பெனியில் இருபத்தாறு வருடம் கலர் கலக்கும் வேலை பார்த்தேன். எந்தப் பொடி எத்தனை தண்ணீருக்கு எவ்வளவு நிறம் கொடுக்கும் என்பதைக் கண்ணாலேயே சொல்வேன். எங்கள் கம்பெனியில் போட்டது அத்தனையும் குழந்தைகள் வாயில் போகிற கலர். வேறு கலர் என் கையால் தொட்டதில்லை.

எங்கள் சந்து தொட்டியிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து போகிறது. ஒன்று முதல் எட்டு வரை மேட்டு வீடுகள். ஒன்பதாம் எண் என் தம்பியின் லைன் வீடு. கீழே ஒன்பது அறைகளும் வாடகைக்கு, மாடியில் தம்பி குடும்பம். கீழ் அறைகள் ஒன்பதுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். பத்திலிருந்து இருபத்தாறு வரை பள்ளத்து வீடுகள். ஒரே குழாய்தான் சாக்கடையை ஒட்டி மேலிருந்து கீழே ஓடுகிறது. ஒன்று விட்டு ஒரு நாள், விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள், ஆறேகாலுக்கு அடைப்பார்கள். வருகிற முதல் இரண்டு குடம் பழுப்பாக இருக்கும். அதைத் துணி துவைக்க ஒதுக்கிவிட்டு, தெளிந்த பிறகு குடிக்கப் பிடிப்பது எங்கள் சந்து வழக்கம். அந்த இரண்டு குடம் எதனால் பழுப்பு என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

என் மகள் தம்பியின் லைன் வீட்டில் நான்காவது அறையில் இருக்கிறாள். மருமகன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். பேரனுக்குப் பதினான்கு மாதம். அவனுக்கு ஏழாம் மாதத்திலிருந்து இதுவரை ஐந்து முறை வயிற்றுப்போக்கு வந்து, இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டாவது முறை கையில் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தினார்கள். லைன் வீட்டில் எல்லாரும், பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் போகும் என்றார்கள். அவனுக்கு இதுவரை ஆறு பல் முளைத்திருக்கிறது. பல் இல்லாத மாதத்திலும் போயிற்று.

ஆஸ்பத்திரி நர்சு அம்மா என் மகளிடம், "கை கழுவுறியா? புட்டிய எதுல கழுவுற?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டார். மகள் குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்து வந்தாள். ஆனால் பால் புட்டியையும் ரப்பர் காம்பையும் டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் அலசினாள். அன்றிலிருந்து நான் அவளை விடவில்லை. சோப்பு வாங்கி, வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு அவள் அறை வாசலில் கட்டித் தொங்கவிட்டேன். காலையும் மாலையும் போய் நின்று, கை கழுவினாயா என்று கேட்டேன். ஒரு நாள் பக்கத்து அறைப் பெண்கள் பார்த்திருக்க, மூன்று முறை கழுவ வைத்தேன். அவள், "இன்னும் எத்தன தடவப்பா? தோலு உரிஞ்சுடும் போல" என்றாள். நான், "உன் அழுக்குக் கையாலதான் பிள்ள படுத்துக் கிடக்கு" என்றேன். அவள் கழுவிய தண்ணீர் அந்த டிரம்மில் இருந்த தண்ணீர். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு தண்ணீர் அலுவலகத்தில் நான்கு மனு கொடுத்தேன். நகல்கள் என்னிடம் உண்டு. மூன்று முறை என் தம்பியும் கூட வந்தான். அவன் சந்து நலச் சங்கத் தலைவர் என்பதால், மேசையைத் தட்டி எல்லாரையும் விடச் சத்தமாகப் பேசினான். "எங்க புள்ளைங்க என்ன ஆடா மாடா?" என்று கேட்டவன் அவன்தான். நான்காவது மனுவுக்குப் பிறகு ஒரு பொறியாளர் வந்து பதினைந்தாம் எண் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அவர் வந்தது ஆறு மணிக்கு. பழுப்புத் தண்ணீர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். அவர், "வீட்டச் சுத்தமா வச்சுக்கோங்க பெரியவரே" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதன் பிறகு நான் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்த நாளில் வயிற்றுப்போக்கு என்று வாசல் வாசலாகக் கேட்டு எழுதினேன். பெண்கள் சிரித்தார்கள். "கலர்காரரே, என்ன கலர்னும் எழுதிக்குவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எழுதிக்கொண்டேன். மூன்று மாதத்தில் பதினோரு குழந்தைகள். அத்தனையும் ஒன்பதாம் எண்ணிலும் அதற்குக் கீழேயும். மேட்டு வீடுகள் எட்டில் ஐந்து கைக்குழந்தைகள் இருக்கின்றன, ஒன்றுக்குக் கூட இல்லை. மேட்டு வீட்டுக் குழந்தைகள் மட்டும் கை கழுவிக்கொண்டு பிறந்தவையா? நோட்டை நிலையத்தில் ஒப்படைத்திருக்கிறேன், நாற்பத்தொரு பக்கம்.

அதன் பிறகு, இன்றைக்கு அறுபத்து நான்கு நாளுக்கு முன், தண்ணீர் வராத ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு மகள் அறைக்குப் போனபோது, லைன் வீட்டு முன்வாசலில் துவைக்கும் கல் புரண்டு கிடக்க, ஒருவர் கீழே மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அங்கே ஒரு குழி இருப்பதைப் பார்த்தேன். இரண்டரை அடி ஆழம். தண்ணீர் வேகம் இல்லாமல் வருவதால், தெருக்குழாயைப் பள்ளத்தில் இறக்கி, மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்காகத் தம்பி தோண்டியது. குழிக்குள் குழாயின் வாய் மூடி இல்லாமல் இருந்தது. அந்த வாய் முழுகும்படி தண்ணீர் நின்றது. தண்ணீர் வராத நாளில் குழியில் தண்ணீர் எங்கிருந்து வரும்? விரலை விட்டு முகர்ந்து பார்த்தேன். குழிக்கும் கக்கூஸ் தொட்டிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சுவரில் விரிசல் இருந்தது. தொட்டி கசிந்து குழி நிறைகிறது, தெருவில் தண்ணீர் நின்றதும் குழியில் இருப்பது குழாய்க்குள் இறங்குகிறது, மறுமுறை திறக்கும்போது அது பள்ளத்து வீடுகளுக்கு முதல் குடமாகப் போகிறது என்று அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மோட்டார் துடைத்தவர் என்னைப் பார்த்து, "என்ன பெரியவரே, மயக்கமா?" என்று கேட்டார்.

அன்று மாலை மாடிக்குப் போய்த் தம்பியிடம் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "அண்ணே, வெளிய தெரிஞ்சா சந்தே சேர்ந்து என்ன உரிச்சுடும். நீ பெரியவன், நீதான் காப்பாத்தணும். பத்து நாள் குடு, நானே மூடிடறேன்" என்றான். அப்போது பேரன் அங்கே தவழ்ந்து கொண்டிருந்தான். அவனைத் தூக்கி, அவன் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். துவைக்கும் கல்லைச் சுற்றிப் புதுச் சிமெண்டு பூசியிருந்தது. சிமெண்டைப் பார்த்தேன், சரி என்றேன். கல்லைப் புரட்டிப் பார்க்கவில்லை. தம்பி சொன்னால் தம்பி சொன்னதுதான் என்று வளர்ந்தவன் நான். அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அப்பா போய்விட்டார், அதன் பிறகு அவனை வளர்த்தது என் சம்பளம்.

அதன் பிறகு பத்தொன்பதாம் நாள், பதினான்காம் எண் வீட்டு இஸ்திரிக்காரரின் பெண் குழந்தை, எட்டு மாதம், வயிற்றுப்போக்கில் இறந்தது. ஒன்றரை நாள் போயிருக்கிறது. தண்ணீர் கொடுத்தால் கொடுக்கக் கொடுக்கப் போகும் என்று யாரோ சொல்ல, தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் அது வாயைத் திறந்து அழுததாகவும் கண்ணில் தண்ணீர் வரவில்லை என்றும் அதன் தாய் சொன்னாள். தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைப் பொடி, ஆஸ்பத்திரியில் பேரனுக்குக் கொடுத்தது, என் அலமாரியில் மூன்று பாக்கெட் இருந்தது. பதினான்குக்கும் பதினேழுக்கும் நடுவில் இரண்டே வீடு. எனக்குத் தெரியாமல் போயிற்று.

அன்று இஸ்திரிக்காரர் வீட்டு வாசலில் நாள் முழுவதும் இருந்தேன். தம்பியும் இருந்தான். சங்கத்தின் சார்பில் பெஞ்சும் தார்ப்பாயும் கொண்டுவந்து போட்டவன் அவன்தான். குழியை நான் யாரிடமும் சொல்லவில்லை. மூடியாகிவிட்டது, இனி எதற்கு என்று நினைத்தேன். குடும்ப மானம் என்றும் நினைத்தேன். இரண்டையும் எழுதவும்.

அதன் பிறகு ஒரு மாதம் கழித்து, லைன் வீட்டு மாடிப்படி ஓரத்தில் காலித் தண்ணீர் கேன்கள் நான்கு இருப்பதைப் பார்த்தேன். கேன் போடுகிறவரைக் கேட்டதில், மாடிக்கு மட்டும் இரண்டு மாதமாக வாரத்துக்கு நான்கு போடுவதாகச் சொன்னார். நான் தம்பியிடம் குழியைப் பற்றிச் சொன்ன மறுநாளிலிருந்து என்று கணக்கு வந்தது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போய், துவைக்கும் கல்மேல் உள்ளங்காலை வைத்து நின்றேன். கல் அதிர்ந்தது. மோட்டார் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. சிமெண்டு ஓரத்தில் மட்டும் பூசியது, குழி அப்படியே இருந்தது. மாடியில் என் தம்பி குடும்பம் கேன் தண்ணீர் குடித்தது. கீழே என் பேரன் குழித் தண்ணீர் குடித்தான்.

அப்போது ஏன் காவல் நிலையத்துக்கு வரவில்லை என்று ஆய்வாளர் ஐயா கேட்டார்கள். நான்கு மனு கொடுத்தவன் நான். பேச்சை யாரும் நம்புவதில்லை, கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் என்று முடிவு செய்தேன். பக்கத்தில் சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்ப்பார்களே, அதுபோல் ஒன்று செய்ய நினைத்தேன். எனக்குத் தெரிந்த தொழில் கலர். மஞ்சள் போட்டால் மண் என்பார்கள். சிவப்பு போட்டால் துரு என்பார்கள். பச்சைக்குப் பாசி இருக்கிறது. நீலத்துக்கு யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மிட்டாய்க்குப் போடுகிற நீலப் பொடி அரைக் கிலோ, முத்திரை உடைக்காத டப்பா, பேக்கரிச் சாமான் கடையில் வாங்கினேன். ரசீதும் காலி டப்பாவும் நிலையத்தில் இருக்கின்றன. சாப்பிடத் தக்கது என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, இரண்டு வாளித் தண்ணீரில் பொடியைக் கரைத்து, மூடி போட்டு எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக் கக்கூஸுக்குப் போய் இரண்டையும் ஊற்றினேன். வெளியே வரும்போது மகள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்க வீட்டுல கக்கூஸ் இல்லையா? ரெண்டு வாளி தண்ணியோட இங்க வந்திருக்கீங்க?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். "உங்களுக்குமா? கை கழுவுனீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளோடு கடைசியாகப் பேசியது அதுதான். குழிப் பக்கம் நான் போகவில்லை. கல்லைத் தொடவில்லை. அந்தக் கல்லைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும், எனக்கு இடுப்பு வலி இருப்பது அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணியிலிருந்து பள்ளத்து வீடுகள் ஒவ்வொன்றிலும் கதவைத் தட்டி, இன்று தண்ணீரைக் குடிக்க வேண்டாம், குடத்தில் பிடித்துப் பார்த்தால் போதும் என்று சொன்னேன். "என்ன கலர்காரரே, இன்னிக்கு என்ன ஃப்ளேவர்?" என்று இருபதாம் எண்காரர் கேட்டார். ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. மேட்டு வீடுகள் எட்டிலும் தெளிவாக வந்தது. லைன் வீட்டிலும் அதற்குக் கீழே கடைசி வீடு வரையிலும் நீலமாக வந்தது. வெளிர் நீலமில்லை, நல்ல நீலம். பிளாஸ்டிக் குடம் எந்த நிறமாக இருந்தாலும் உள்ளே நீலம். பெண்கள் கத்தினார்கள். ஒருத்தி குடத்தைக் கீழே போட்டாள், சந்து முழுக்க நீலம் ஓடியது.

நான் சந்தின் நடுவில் நின்று, இது நேற்றுப் பகல் ஒன்பதாம் எண் கக்கூஸில் நான் ஊற்றிய கலர், பதினாறு மணி நேரத்தில் உங்கள் குடத்துக்கு வந்திருக்கிறது, கலர் மட்டும் வந்திருக்குமா என்று கேட்டேன். சிலர் குடத்தை முகர்ந்து பார்த்தார்கள். அதன் பிறகு தம்பி மாடியிலிருந்து இறங்கி வந்தான். "அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, தண்ணில விஷத்தக் கலந்துட்டாரு" என்றான். விஷம் என்ற வார்த்தை வந்ததும் நான் சொன்னதை எல்லாரும் மறந்தார்கள். நான் நோட்டில் எழுதிய பதினோரு குழந்தைகளின் தகப்பன்மார்களில் மூன்று பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. அடி பலமில்லை.

அப்போது இஸ்திரிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னைத் தொடவில்லை. "குழி இருக்கறது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?" என்று கேட்டார். இரண்டு மாதமாக என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். எண்ணி முடித்த பிறகு என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார். காவலர்கள் வரும்வரை நான் அங்கேயே நின்றேன். ஓடிப்போக முயன்றதாகப் புகாரில் இருப்பது பொய்.

நிலையத்தில் ஆய்வாளர் ஐயா அது விஷமா என்று கேட்டார்கள். சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து வைத்திருந்த மீதிப் பொடியை அவர் முன்னால் நாக்கில் போட்டுத் தின்றேன். நேற்று முழுவதும் காவலர்கள் என்னைப் பேச வைத்ததே நாக்கைப் பார்க்கத்தான். "இன்னொரு தடவ நீட்டுங்க பெரியவரே, இவரு பாக்கல" என்றார்கள். நீட்டினேன். பயந்து சோதிக்கத் தூக்கிப்போன குழந்தைகள் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை என்று நேற்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்ததாக எழுத்தர் ஐயா சொன்னார். அதையும் இதில் சேர்க்க வேண்டும்.

அதன் பிறகு எனக்குப் புகார் மனு காட்டப்பட்டது. திங்கட்கிழமை பகல் நான் துவைக்கும் கல்லைப் புரட்டி, குழாய்க் குழிக்குள் நேராகச் சாயத்தை ஊற்றினேன் என்றும், அதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் இருப்பதாகவும் எழுதியிருந்தது. முதல் கையெழுத்து என் தம்பி. இரண்டாவது லைன் வீட்டு ஏழாவது அறைக்காரர், அவர் திங்கட்கிழமை பகலில் வேலைக்குப் போயிருந்தார். மூன்றாவது என் மகள். கையெழுத்து போலி என்று சொல்ல வழியில்லை. நான் மிட்டாய்க் காகிதத்தைப் பார்த்துக் கற்றபோது ஓர் எழுத்தின் சுழியைத் தலைகீழாகப் பழகிவிட்டேன். பள்ளிக்கூடம் சேர்ப்பதற்கு முன் அவளுக்கு எழுதப் பழக்கியது நான்தான். டீச்சர் அடித்தும் அவள் மாற்றவில்லை, "எங்கப்பா இப்படித்தான் எழுதுவாரு" என்று நின்றாள். அந்தச் சுழி அந்தக் கையெழுத்தில் இருந்தது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஆய்வாளர் ஐயா கேட்டார்கள். அவள் குடியிருப்பது தம்பியின் அறையில். கைக்குழந்தையோடு காலி செய்யச் சொன்னால் எங்கே போவாள் என்று தெரியவில்லை. என் வீட்டுக்கு வரலாம். வாசலில் நின்று கை கழுவினாயா என்று கேட்ட வீட்டுக்கு வருவாளா என்பது வேறு. இது என் ஊகம், சாட்சியம் இல்லை.

நேற்று மாலை தம்பி நிலையத்துக்கு வந்து, காவலர் அனுமதியோடு என்னோடு பேசினான். "அண்ணே, ஒரே வார்த்த. கண்ணு தெரியாம கை தவறிக் குழில கொட்டிட்டேன்னு சொல்லு. நான் புகார வாபஸ் வாங்கிடறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றான். இருபத்தாறு வருஷம் கலர் பார்த்த கண்ணு, நல்லாத் தெரியுது என்றேன். குழியை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். "அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். அவனோடு பேச்சை முடித்துக்கொண்டேன். நான் குழியில் ஊற்றினேன் என்று எழுதிவிட்டால், கக்கூஸுக்கும் குழாய்க்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடும். பழுப்புத் தண்ணீர் மறுபடி துணி துவைக்க ஒதுக்குகிற தண்ணீர் ஆகிவிடும். கக்கூஸில் கலர் ஊற்றுவது குற்றமென்றால் தண்டனை கொடுங்கள், மறுக்க மாட்டேன். ஊற்றிய இடத்தை மட்டும் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்று புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகள் நிலையத்து வாசல்வரை வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தான். உள்ளே வரவில்லை. காவலர் மூலம் ஒரு ஃபிளாஸ்க் கொடுத்து அனுப்பினாள். திறந்தால் காய்ச்சிய தண்ணீர், ஆவி வந்தது. கழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு கட்டியிருந்தது. 'புட்டியையும் இதிலேயே கழுவினேன்' என்று மட்டும் எழுதியிருந்தது. சீட்டையும் ஒப்படைத்திருக்கிறேன். தண்ணீரைக் குடித்தேன். அதற்காகக் கையெழுத்தை மறந்துவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

யார் சொல்வது உண்மை என்று ஆய்வாளர் ஐயாவுக்குச் சந்தேகம் இருந்தால், அந்தக் கல்லைப் புரட்டினால் போதும். நான் மேலிருந்து குழியில் ஊற்றியிருந்தால் குழியின் வாய் ஓரமெல்லாம் நீலம் வழிந்திருக்கும். கக்கூஸ் தொட்டியிலிருந்து வந்திருந்தால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரிசல் உள்ள ஒரு சுவரில் மட்டும் நீலக் கோடு இறங்கியிருக்கும், மற்ற மூன்று சுவரும் மேலே வெள்ளையாக இருக்கும். நீலத்தைச் சிமெண்டு உறிஞ்சிக்கொள்ளும், கழுவினால் போகாது. ஆனால் மேலே புதுச் சிமெண்டு பூசினால் மறைந்துவிடும். என் தம்பிக்குச் சிமெண்டு பூசத் தெரியும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். ஆகையால் இன்றே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஆய்வாளர் ஐயா வருவதாகச் சொன்னார்கள். தண்ணீர் திறப்பவருக்கு இங்கிருந்தே போன் செய்து, ஒன்பதாம் எண் இணைப்பைத் துண்டிக்கும்வரை எங்கள் சந்து வால்வைத் திறக்க வேண்டாம் என்று சொல்லக் கேட்டேன். அது வாக்குமூலத்தில் வராது என்று எழுத்தர் ஐயா சொன்னார். வந்தால்தான் கையெழுத்து என்றேன். மூன்று ஐம்பதுக்குப் போன் செய்யப்பட்டது. அவர் எடுக்கவில்லை. மறுபடி செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லைப் புரட்ட ஆள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் இஸ்திரிக்காரர் கடப்பாரையோடு நிற்பதாகக் காவலர் வந்து சொன்னார். மதியத்திலிருந்து நிற்கிறாராம். அவர் புகாரில் கையெழுத்துப் போடவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். என்னை மன்னிக்கும்படி நான் அவரிடம் கேட்கவில்லை. கல்லைப் புரட்டும்போது நானும் அங்கே இருக்க வேண்டும் என்று அனுமதி கேட்டிருக்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டாம் என்று சொல்லி நானே முழுவதும் படித்தேன். குடிநீர் என்று இருந்த இரண்டு இடத்தில் கக்கூஸ் என்று திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். இதில் உள்ளது நான் பார்த்ததும் செய்ததும் செய்யாமல் விட்டதும். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. சொல்லாதே என்று கேட்டுக்கொண்டவர் யார் என்பது மேலே இருக்கிறது.

கையெழுத்துப் போட்ட நேரம், புதன்கிழமை மாலை நாலு பத்து. சந்தில் தண்ணீர் திறக்க இன்னும் பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம் இருக்கிறது.

(ஒப்பம்)